அமுக்குவான்

செங்கமலம் பிறந்தது கொள்ளிடக்கரையில், திருமழபாடியில். அந்த ஊரில் அமுக்குவான் என்றால் ஆற்றில் போனவன். தண்ணீரில் மூச்சு முட்டிச் செத்தவனுக்கு மூச்சின் மேல் ஆசை தீராது, அதனால் மல்லாந்து தூங்குகிறவர்களின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து அவர்கள் மூச்சை எடுத்துக்கொள்வான் என்பார்கள். அவள் வாக்கப்பட்டு வந்த ஊர் ரெட்டிபாளையத்துக்குப் பக்கம். அங்கே ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல் வெட்டிய குழிகளும், இலையெல்லாம் வெள்ளைப் பொடி படிந்த வேப்பமரங்களும், ஓயாமல் ஓடும் லாரிகளும்தான். இங்கேயும் அமுக்குவான் இருந்தான். ஆனால் இவன் குழியில் கல் சரிந்து போனவன். கதை மாறியிருந்தது, பேர் மாறவில்லை.

வந்த புதிதில் இதை ஒரு அதிசயம்போல அவள் தன் புருஷன் அருள்முருகனிடம் சொன்னாள். அவன் டிப்பர் லாரி ஓட்டுகிறவன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எவன் எங்க செத்தானோ, பாவம்" என்றான். அவ்வளவுதான். அவன் பேச்சே அப்படித்தான். ஊரில் அவனை அமுக்கமான ஆளு என்பார்கள். மனசில் இருப்பது முகத்துக்கு வராது. முதலாளி திட்டினாலும், மகள் பிறந்தாலும் ஒரே முகம். செங்கமலத்துக்கு அது முதலில் பயமாக இருந்தது, பிறகு பழகிப்போனது, பிறகு பிடித்தும்போனது.

கொரோனா ஓய்ந்து லாரிகள் மறுபடி ஓடத் தொடங்கிய வருஷம், ஒரு சாயங்காலம், லோடின் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்ட ஏறியவன் கால் வழுக்கிக் கீழே விழுந்தான். விபத்து என்று பெரிதாகச் சொல்ல அதில் ஒன்றுமில்லை. லாரி நின்றுகொண்டுதான் இருந்தது. மழைகூட இல்லை. விழுந்த இடத்தில் ஒரு கல் கிடந்தது, அது முதுகெலும்பில் பட்டது. தஞ்சாவூரில் ஆபரேஷன் செய்தார்கள். உயிர் பிழைத்தது. இடுப்புக்குக் கீழே உணர்வு மட்டும் திரும்பி வரவில்லை.

அதன்பிறகு வீட்டின் நடு அறையில் ஒரு இரும்புக் கட்டில் வந்தது. கட்டிலின் மேல் காற்று மெத்தை. அது அடிக்கடி ஓட்டையாகும், சைக்கிள் கடையில் கொடுத்து ஒட்டி வாங்குவாள். மூத்திரப் பையைக் காலி செய்ய வேண்டும். உடம்பைத் துடைத்துவிட வேண்டும். காலில் உணர்வு இல்லை என்றாலும் தினமும் அமுக்கி, முட்டியை மடக்கி நீட்டி விட வேண்டும், இல்லாவிட்டால் விறைத்துவிடும் என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண் சொல்லியனுப்பியிருந்தாள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஒரே பக்கமாகப் படுக்க விடக்கூடாது. ராத்திரியிலும் இரண்டு மூன்று தடவை எழுந்து புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். படுக்கைப்புண் வந்துவிட்டால் ஆளையே கொண்டுபோய்விடும் என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

செங்கமலம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். காலையில் அவனுக்கு எல்லாம் செய்து முடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். அரிசி களைந்து, உலை வைத்து, பிள்ளைகளுக்குப் போட்டு, பாத்திரம் கழுவி, பொழுது சாயத் தொடங்கும்போது வீடு திரும்புவாள். வந்ததும் அவனுக்குச் சோறு ஊட்ட வேண்டியதில்லை, கைகள் நன்றாக இருந்தன, அவனே சாப்பிடுவான். அந்த நேரம்தான் அவளுக்குத் தூக்கம். கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாயை விரித்துக் கொஞ்சம் கண்ணை மூடுவாள். ஒரே மகள் முத்தமிழ் பெரம்பலூரில் சித்தி வீட்டில் தங்கி பி.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தாள், ஞாயிற்றுக்கிழமைதான் வருவாள். சித்தி என்பது செங்கமலத்தின் தங்கை பிரவீணா. கல்யாணமாகிப் போன ஊர் அது, அங்கே ஒரு ஜவுளிக்கடையில் வேலை.

அப்படிப் படுத்திருந்த ஒரு பிற்பகலில்தான் முதல் தடவை அது வந்தது. கண் திறந்திருந்தது. சுவரில் மாட்டிய காலண்டர் தெரிந்தது, வெளியே லாரி போகிற சத்தம் கேட்டது. ஆனால் விரலைக்கூட அசைக்க முடியவில்லை. நெஞ்சின் மேல் யாரோ குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். கூப்பிட்டாள், சத்தம் தொண்டையைத் தாண்டவில்லை. கட்டில்மேலிருந்து அருள்முருகன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு என்னவோ ஆகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. பேர் சொல்லிக் கத்திப் பார்த்தான். இறங்கி வர முடியாது. கைக்கு எட்டிய பிளாஸ்டிக் ஜக்கைத் தூக்கிச் சுவரில் அடித்தான். தண்ணீர் அவள் முகத்தில் தெறித்தது. அந்தக் கணமே அவள் மேலிருந்தது விலகியது. எழுந்து உட்கார்ந்து பெரிதாக மூச்சு வாங்கினாள்.

"அமுக்குவானா?" என்று கேட்டான்.

அவள் தலையாட்டினாள். சின்ன வயதிலிருந்து கேட்ட பேர்தான், ஆனால் அன்றுதான் அது அவளிடம் வந்திருந்தது.

பிறகு அது வாரத்துக்கு ஒரு முறை வந்தது, அப்புறம் ஒன்றுவிட்டு ஒருநாள் வந்தது. ஜக்கை எத்தனை தடவை எறிவது. அருள்முருகன் யோசித்து, தன் பழைய வேட்டியை நீளமாகக் கிழித்து முறுக்கி ஒரு கயிறாக்கினான். அவள் படுக்கும்போது ஒரு நுனியைக் கால் கட்டைவிரலில் கட்டிக்கொள்ளச் சொன்னான், மறுநுனி அவன் கையில். அவள் முனகினால், மூச்சு இழுத்தால், உடனே ஒரு இழுப்பு. அவள் எழுந்துவிடுவாள். செங்கமலத்துக்கு இது வேடிக்கையாக இருந்தது, ஆனால் அதற்குப் பின் அவள் பயமில்லாமல் படுத்தாள். அவள் தூங்கும் நேரமெல்லாம் அவன் கண்ணை மூடமாட்டான். விழுந்த நாளிலிருந்து எதையும் செய்ய முடியாமல் கிடந்தவனுக்கு அது ஒரு வேலையாக வாய்த்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரம்மாவிடம் சொன்னபோது, பேயும் இல்லை பிசாசும் இல்லை, தூக்கம் கெட்டால் இப்படி வரும், உடம்பு தூங்கும், மூளை விழித்துக்கொள்ளும் என்று பொறுமையாகச் சொன்னார். ராத்திரி முழுத் தூக்கம் தூங்குங்கள், தானாகப் போய்விடும் என்றார். செங்கமலம் சரியென்று தலையாட்டிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் அவன் என்ன சொன்னார்கள் என்று கேட்டான். சத்துக் குறைவாம் என்று சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்தமிழ் வந்திருந்தாள். வகுப்பில் கிருஷ்ணமூர்த்தி சார் ஒவ்வொருவரையும் தங்கள் வீட்டில் புழங்குகிற ஒரு சொல்லைக் கொண்டுவரச் சொன்னாராம். அவள் அமுக்குவானைக் கொண்டுபோயிருக்கிறாள். எல்லோரும் சிரித்தார்களாம். சார் மட்டும் சிரிக்கவில்லையாம்.

"அது வினையாலணையும் பேருப்பா. அமுக்கப் போறவன்னு அர்த்தம். பேரே எதிர்காலத்துல இருக்கு. அமுக்குனவன்னு யாரும் சொல்லல, பாத்தியா. எப்பவும் இனிமேத்தான் வரப்போறான். பயத்துல வெச்ச பேருன்னாரு."

அருள்முருகனுக்கு அது பிடித்திருந்தது. மகள் பேசுவதைத் தலையணையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அமுங்கு என்றால் தானாகக் கீழே போவது, அமுக்கு என்றால் ஒருவர் இன்னொருவரைச் செய்வது, அதனால் அந்தச் சொல்லுக்குள் எப்போதும் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றும் சார் சொன்னாராம். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, அமுக்கமான ஆளுன்னு என்னச் சொல்றாங்களே, அதுவும் இதுலதான் சேருமா என்று கேட்டான். அதுவும்தான் என்றாள் மகள். பிறகு இருவரும் போட்டி போட்டுக்கொண்டு தேடினார்கள். வாயை அமுக்கு, விஷயத்தை அமுக்கு, அடுத்தவன் சொத்தை அமுக்கு. போனில் பேசுகிற பெண் ஒன்றை அழுத்தவும் என்கிறாள், நம் ஊரில் அதற்கும் அமுக்குதான்.

"காலை அமுக்குறத வுட்டுட்டீங்க" என்றாள் செங்கமலம். அப்போது அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். அவன் தன் கால்களையும் அவள் கைகளையும் பார்த்தான். அவனுக்கு அது தெரியவில்லை, பார்த்தால்தான் தெரியும்.

"நல்லவிதமா ஒண்ணாச்சும் இருக்கே" என்றான்.

பொங்கல் முடிந்து கொஞ்ச நாள் கழித்துப் பிரவீணா லீவு போட்டுவிட்டு வந்தாள். அக்காவைப் பார்த்ததும், என்னக்கா இப்படி எளச்சு ஒணந்து போயிட்ட என்றாள். அன்று பின்பக்கத் துணி துவைக்கும் கல்லருகில் இருவரும் அருள்முருகனின் படுக்கைத் துணிகளை அலசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கல்லுக்கு மேலே நடு அறையின் ஜன்னல். அது எப்போதும் திறந்தே இருக்கும். இருவருக்கும் அது நினைவில்லை.

தங்கை எதையோ பேசிக்கொண்டு வந்து, அந்த அமுக்குவான் இன்னும் வருதாக்கா என்று கேட்டாள்.

செங்கமலம் ஒரு விரிப்பை இரண்டு கையாலும் பிழிந்துகொண்டிருந்தாள். முதுகு வலித்தது. தலை கிறுகிறுத்தது. அவள் யோசித்துச் சொல்லவில்லை.

"அது எங்கடி வருது, போவுது? கட்டில்லயேதான் படுத்துக் கெடக்கு."

பிரவீணா வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. செங்கமலத்துக்கும் வந்துவிட்டது. ஒருத்தி நிறுத்தினால் இன்னொருத்தி தொடங்கினாள். கண்ணில் தண்ணீர் வர, ஈரக் கையால் துடைத்துக்கொண்டு, சின்ன வயதில் கொள்ளிடத்தில் குளிக்கும்போது சிரித்த மாதிரி சிரித்தார்கள். எதற்கு இவ்வளவு சிரிப்பு என்று கேட்டிருந்தால் இருவருக்குமே சொல்லத் தெரிந்திருக்காது.

பிரவீணா மறுநாள் பஸ் ஏறிப் போனாள். வீட்டில் ஒன்றும் மாறியதாகத் தெரியவில்லை. அருள்முருகன் எப்போதும்போல இருந்தான். சில நாள் கழித்து ஒருநாள், ராத்திரி தன்னைப் புரட்ட எழுந்திருக்க வேண்டாம் என்று சொன்னான். கட்டில் கம்பியைப் பிடித்துத் தானே ஒருக்களித்துப் படுக்கப் பழகிவிட்டதாகச் சொன்னான். பகலில் செய்தும் காட்டினான். கைகளில் நரம்பு புடைக்க, கம்பியை இழுத்து, மேல் உடம்பைத் திருப்பினான். இடுப்பு முழுக்கத் திரும்பவில்லை. ஆனால் அவள் அதை அவ்வளவு கூர்ந்து பார்க்கவில்லை. அன்றிரவு அவள் படுத்தவள் விடிந்துதான் எழுந்தாள்.

அப்படி ஒரு தூக்கம் என்று ஒன்று இருந்ததையே அவள் மறந்திருந்தாள். அடுத்த நாளும் தூங்கினாள், அதற்கடுத்த நாளும். உடம்பு துடைப்பதையும் அவன் தானே செய்துகொள்வதாகச் சொன்னான், துணியை நனைத்துக் கொடுத்தால் போதும். சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டான், படுத்தே கிடக்கிறவனுக்கு எதற்கு அவ்வளவு என்றான். தண்ணீரும் குறைவாகக் குடித்தான். மூத்திரப் பை சாயங்காலம் வரை நிறையாமல் இருந்தது. இதெல்லாம் ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு நடந்ததால் அவளுக்கு ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. வேலை குறைந்திருந்தது. அதுதான் தெரிந்தது.

அமுக்குவான் வருவது நின்றுபோனது. கயிற்றை ஒருநாள் அவனே சுருட்டித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டான். இனி வேண்டியிருக்காது என்றான். பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள், செங்கமலம் முகம் தெளிஞ்சிருக்கு என்றார்கள். மாசி மகத்துக்கு அவள் பூ வைத்துக்கொண்டாள். பூ வாங்கிக் கொடுத்தது யார் என்றால், தெருவில் போன பூக்காரியைப் படுத்தபடியே குரல் கொடுத்துக் கூப்பிட்டு அவன்தான் வாங்கி வைத்திருந்தான். ஊருக்குப் போயிட்டு வா, கோயிலுக்குப் போய் எத்தனை நாளாச்சு என்று சொல்லி அனுப்பினான். அவள் திருமழபாடி போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு, ஆற்று மணலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். அந்த நாட்களில் அவள் சந்தோஷமாக இருந்தாள். அதைப் பின்னால் அவளால் இல்லையென்று சொல்ல முடியவில்லை.

அவன் இடுப்பின் பின்பக்கம் ஒரு சிவப்புத் திட்டு இருப்பதை அவள் பார்க்காமலில்லை. விரிப்பை மாற்றும்போது கண்ணில் பட்டது. என்னங்க இது என்று கேட்டாள். வெக்கைக்கு வேர்க்குருவாக இருக்கும் என்றான். தேங்காய் எண்ணெய் தடவினாள். சின்னதாகத்தான் இருந்தது, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு. முன்பு என்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டிருப்பாள். அன்று அவன் சொன்னதை நம்பினாள். நம்புவது சுலபமாக இருந்தது.

பங்குனி வெயிலில் ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அறையில் ஒரு வாடை அடித்தது. அவனுக்கு உடம்பு கொதித்தது. பல் கிட்டித்திருந்தது. போர்வையை விலக்கிப் புரட்டினாள். வெளியே தெரிந்தது பழைய காசளவுதான். விரல் பட்டதும் தோல் உள்ளே போனது. உள்ளே பெரிதாகக் குடைந்திருந்தது.

அரியலூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத் திருச்சிக்கு அனுப்பினார்கள். புண் எலும்பு வரை போயிருக்கிறது, மூத்திரத்திலும் கிருமி, ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று யாரும் அவளைத் திட்டவில்லை. ஒரு நர்ஸ் மட்டும், ராத்திரி புரட்டிப் போடுவீங்களா அம்மா என்று எழுதிக்கொள்வதற்காகக் கேட்டாள். செங்கமலம் அவன் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். அந்தப் பெண் கொஞ்சம் காத்திருந்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

மருந்து ஏறியதும் நடுவில் இரண்டொரு நாள் அவன் தெளிவாக இருந்தான். முத்தமிழ் வந்து பக்கத்தில் இருந்தாள். ஒரு முற்பகல், மகள் டீ வாங்கப் போயிருந்தபோது, செங்கமலம் வழக்கம்போல அவன் காலை அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். ஏன் இப்படிச் செய்தீங்க என்று அவள் கேட்டது அன்றுதான். தானே திரும்பிப் படுக்க முடிகிறது என்று ஏன் பொய் சொன்னீர்கள், தண்ணீர் குடிக்காமல் ஏன் கிடந்தீர்கள் என்று மெதுவான குரலில், அடுத்த கட்டிலுக்குக் கேட்காமல், ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

அவன் சீலிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிரவீணா வந்திருந்தப்ப, துணி தொவச்சுக்கிட்டே ஒண்ணு சொன்னியே" என்றான்.

எது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. சொன்ன நாளிலிருந்து அதை ஒரு தடவைகூட நினைத்திருக்கவில்லை. ஆனால் அவன் கேட்டதும் ஒரு எழுத்து விடாமல் நினைவுக்கு வந்தது. கை நின்றுபோனது.

"வெளையாட்டுக்குச் சொன்னதுங்க."

"தெரியும் புள்ள. எனக்கும் சிரிப்பு வந்துச்சு."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். எப்போதும்போல ஒன்றும் தெரியவில்லை.

"நெசமாத்தான். படுத்த வாக்குல நானும் சிரிச்சேன். ஒங்களுக்குக் கேட்டுடப்போவுதுன்னு வாயப் பொத்திக்கிட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "நீ அப்படிச் சிரிச்சு எத்தன நாளாச்சு. நல்லாத் தூங்குனா இவ இப்படித்தான இருப்பான்னு நெனச்சேன்."

"ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருக்கக்கூடாதா?"

"கேட்டா தூங்கியிருப்பியா?"

அவள் மறுபடி அவன் காலை அமுக்கத் தொடங்கினாள். முத்தமிழ் டீயோடு திரும்பி வந்துவிட்டாள். அவன் மகளிடம் பரீட்சை எப்போது என்று கேட்டான். பிறகு அந்தப் பேச்சை எடுக்க அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. மறுநாள் காய்ச்சல் மறுபடி ஏறியது. நினைவு தப்பியது. அந்த வாரம் முடிவதற்குள் அருள்முருகன் இறந்துபோனான்.

லாரி டிரைவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். நல்ல மனுஷன், ஒரு சொல் அதிகம் பேசமாட்டான் என்றார்கள். பெண்கள் செங்கமலத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அழுது முடித்தவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னார்கள். நீயும் எத்தன வருஷந்தான் சொமப்ப, அவருக்கும் விடுதலை, ஒனக்கும் பாரம் எறங்குச்சுன்னு நெனச்சுக்க என்றார்கள். சொன்னவர்கள் அன்பாகத்தான் சொன்னார்கள். ஒருத்தி சொன்னபோது கேட்டுக்கொண்டாள், இரண்டாவது ஒருத்தி சொன்னபோதும் கேட்டுக்கொண்டாள். மூன்றாவதாக ஒன்றுவிட்ட நாத்தனார் அதையே சொன்னபோது செங்கமலம் கையை விடுவித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். காலியாக இருந்த கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். காற்று மெத்தையின் மோட்டாரை யாரோ நிறுத்தியிருந்தார்கள். மெத்தை சுருங்கிக் கிடந்தது. துக்கம் தாங்காம எந்திரிச்சு உள்ள போயிட்டா என்று வெளியே பேசிக்கொண்டார்கள்.

அவள் அங்கே உட்கார்ந்து யோசித்தது ஒன்றைத்தான். அவன் சிரித்தேன் என்று சொன்னது நிஜமா. நிஜமாக இருக்கலாம். அந்தப் பேச்சு கேட்கிற யாருக்கும் சிரிப்பு வரும்தான். இல்லை, அவள் நொந்துபோகக்கூடாது என்று அந்தக் கடைசிப் பொய்யையும் சொன்னானா. இருபது வருஷத்துக்கு மேல் கூட இருந்தவள், முகத்தை வைத்து ஒரு தடவைகூட அவன் மனசைச் சரியாகக் கண்டுபிடித்ததில்லை. இனிமேல் கேட்கவும் முடியாது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் துவைக்கிற கல் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்பதை அன்றுதான் பார்த்தாள். மெதுவாகப் பேசினால்கூடக் கேட்கும்.

கருமாதி முடிந்து எல்லோரும் போனபின்பும் பிரவீணா சில நாள் தங்கியிருந்தாள். பெரம்பலூருக்கு வந்துவிடு, முத்தமிழும் அங்கேதானே இருக்கிறாள், கடையிலேயே ஒரு வேலைக்குச் சொல்லலாம் என்று கூப்பிட்டாள். செங்கமலம் இல்லை என்றாள். பள்ளிக்கூடம் இருக்கிறது, அவள் போகாத நாட்களில் அங்கே உதவிக்கு இருக்கும் ஆயாவே தனியாகச் சமைத்துக் கஷ்டப்படுகிறாளாம் என்றாள்.

ஒரு காலையில் தங்கையையும் மகளையும் பஸ் ஏற்றிவிட மெயின்ரோட்டுக்கு வந்தாள். முத்தமிழ் பெட்டிக்கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனாள். லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் போனபிறகு தூசி அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அந்த இடைவெளியில் பிரவீணா பேசினாள். தாவணி போட்ட வயதில் தனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது மாமாதான் என்றாள். பின்னால் பிடித்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே விட்டுவிட்டாராம், அவள் பாதி ரோடு தனியாகப் போனபிறகுதான் தெரிந்ததாம். சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா, கடைசியா என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாராக்கா?"

செங்கமலம் தங்கையைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒன்றும் இல்லை, அழுகை மட்டும்தான் இருந்தது. துவைக்கிற கல்லருகே சிரித்த அந்தப் பகல் பிரவீணாவுக்கு நினைவிலேயே இல்லை. சொன்னால் நினைவு வந்துவிடும். வந்தபிறகு போகாது. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று செங்கமலத்துக்கு இத்தனை நாளும் இருந்தது. சொல்லத் தகுந்தவள் இவள் ஒருத்திதான், இவளும் கூடத்தான் சிரித்தாள்.

"ஒன்னையும் மாப்பிள்ளையையும் நல்லா இருக்கச் சொன்னாரு" என்றாள். "முத்தமிழ நீ பாத்துக்குவன்னு சொன்னாரு."

பிரவீணா தலையாட்டிக்கொண்டே அழுதாள். பஸ் வந்தது. மகள் ஓடிவந்து ஏறிக்கொண்டு, ஜன்னலிலிருந்து, நேரத்துக்குச் சாப்பிடும்மா என்றாள். செங்கமலம் பஸ் திருப்பத்தில் மறையும்வரை நின்றாள். பிறகு புடவையில் படிந்த தூசியைத் தட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடந்தாள். உலை வைக்கிற நேரமாகிவிட்டிருந்தது.